ஒரே விலை ஜேபஸ்

ஜேபஸ் தோர்ன்பரின் கடையை விட்டு நான் மூன்று முறை கோபமாக வெளியேறினேன். மூன்று முறையும் அவர் என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை.

பேரம் பேசியே வளர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. இங்கிலாந்தின் வடக்கே, ஸ்கார்பெக் கம்பளிச் சந்தையில் என் அப்பாவும் தாய்மாமன்களும் துணி வாங்கி விற்றவர்கள். எங்கள் சந்தையில் பேரம் காதோடு காதாகத்தான் நடக்கும். அடுத்த கடைப்பலகையில் நிற்பவனுக்கு விலை தெரிந்துவிடக் கூடாது. வாங்குகிறவன் உதட்டைப் பிதுக்குவான். விற்கிறவன் வீட்டில் பிள்ளைகள் பட்டினி என்பான். வாங்குகிறவன் நடையைக் கட்டுவான். விற்கிறவன் ஓடிவந்து கையைப் பிடிப்பான். இதுதான் மரியாதை. இந்த மரியாதைப்படிதான் நானும் ஜேபஸின் கடையில் ஒரு சாம்பல் நிறத் துணிக்கட்டைத் தடவிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, "இதுக்கா இந்த விலை?" என்றேன்.

"ஆமா" என்றார் அவர். தலையில் அகன்ற தொப்பி. நான் என் தொப்பியைக் கழற்றி வணங்கியபோதுகூட அவர் தொப்பி அசையவில்லை.

"கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"பாத்துத்தான் சொன்னேன். குறைக்க முடியும்னா முதல்லயே குறைச்சுச் சொல்லியிருப்பேனே. உன்னை நிக்க வெச்சு ஏன் பொய் சொல்லணும்?"

முதல் சந்திப்பிலேயே 'நீ'. நான் வெளியேறினேன். தெருமுனை வரை மெதுவாக நடந்தேன், அவர் ஓடிவரத் தோதாக. வரவில்லை. திரும்பிப் போய் இன்னொரு தொகை சொன்னேன், அதே பதில். மறுபடி வெளியேறினேன். மூன்றாம் முறை வாசலில் கையில் துடைப்பத்தோடு ஒரு பெண் நின்றிருந்தாள். சாம்பல் நிற உடை, வெள்ளைத் தலைத்துணி, கண்ணில் மட்டும் சிரிப்பு.

"மழை வர்றாப்ல இருக்கு. கோபப்படறதா இருந்தா உள்ள வந்து கோபப்படு" என்றாள்.

அவருடைய தங்கை தாமார். துணியைச் சொன்ன விலைக்கே வாங்கினேன். அதற்குப் பிறகு எனக்கு அடிக்கடி சாம்பல் நிறத் துணி தேவைப்பட்டது.

அவர்கள் குவேக்கர்கள், கிறிஸ்தவர்களில் ஒரு தனிப் பிரிவு. யாருக்கும் தொப்பி கழற்ற மாட்டார்கள். கடவுளைக் கும்பிடும்போது மட்டும்தான். பிரபுவானாலும் பிச்சைக்காரனானாலும் 'நீ'தான். சத்தியம் செய்ய மாட்டார்கள். ஆமாம் என்றால் ஆமாம், அவ்வளவுதான். கோயிலில் பாதிரி கிடையாது, பாட்டு கிடையாது. பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், யாருக்காவது உள்ளிருந்து வார்த்தை வந்தால் எழுந்து சொல்வார்கள், ஆணோ பெண்ணோ. எங்கள் ஊரில் சத்தமில்லாத இடங்கள் இரண்டு: துணிச் சந்தை, குவேக்கர் கூடம். ஒன்றில் பொய் சொல்வதற்காக மெதுவாகப் பேசினோம். மற்றதில் பொய் வந்துவிடுமோ என்று பேசாமலே இருந்தார்கள்.

தாமார் என்னைக் கட்டிக்கொண்டாள். வெளியாளைக் கட்டினால் குவேக்கர்கள் சபையை விட்டு நீக்கிவிடுவார்கள். அதற்கென்று கூட்டம் கூடியது. அவர்கள் கூட்டத்தில் ஓட்டுப் போடும் வழக்கமே இல்லை. கை தூக்கி எண்ணினால் தோற்றவன் வயிற்றெரிச்சலோடு வீட்டுக்குப் போவான் என்பது அவர்கள் கணக்கு. எல்லோருடைய மனமும் ஒரு பக்கமாகச் சாயும்வரை காத்திருப்பார்கள். சாய்ந்துவிட்டது என்று சபைச் செயலர் கண்டால் எழுதிக்கொள்வார். அன்று தாமாரை நீக்குவது பற்றிப் பேச்சு வந்தபோது ஜேபஸ் எழுந்தார்.

"எனக்கு மனசு ஒப்பலை" என்றார்.

குவேக்கர்கள் வாயில் இதைவிடக் கனமான சொல் கிடையாது. ஆனால் செயலர், நகரத்திலேயே பெரிய ஆலை முதலாளி, பேனாவைத் தொட்டு எழுதிவிட்டார். சபையின் மனம் ஒன்றாக இருக்கிறது என்று எழுதினார்.

ஜேபஸ் எழுந்து வெளியே நடந்தார். யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அந்த வலி எனக்குத் தெரியும்.

ஒரு மாதத்தில், சாயப்பட்டறை மாடியில் ஒரு நீளமான அறையை வாடகைக்குப் பிடித்துத் தன் சபையைத் தொடங்கினார். நூற்கிறவர்கள், நெய்கிறவர்கள், துணியில் முடிச்சு எடுக்கும் பெண்கள் என்று முப்பது பேர் போல வந்தார்கள். கீழேயிருந்து சாயத்தின் நாற்றம் வரும். அதனால் மௌனமாக இருப்பதும் மூச்சை அடக்கி இருப்பதும் அங்கே ஒன்றாகவே இருந்தது. பழைய சபையின் வழக்கம் எல்லாவற்றையும் ஜேபஸ் வைத்துக்கொண்டார். ஒன்றை மட்டும் கூட்டினார். ஒரே ஒரு ஆளுக்கு மனசு ஒப்பாவிட்டாலும் காரியம் நிற்க வேண்டும். யாரையும் தாண்டிப் போகக் கூடாது.

சொல்ல நன்றாகத்தான் இருந்தது. முதல் குளிர்காலத்திலேயே, அறையில் ஒரு கணப்பு அடுப்பு வைக்கலாமா என்று கேள்வி வந்தது. ஒபதியா என்ற நெசவாளிக் கிழவர் எழுந்து, "கதகதப்பு வந்தா தூக்கம் வரும். எனக்கு மனசு ஒப்பலை" என்று சொல்லிவிட்டார். இரண்டு குளிர்காலம் முப்பது பேரும் பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தோம். நானும்தான், மனைவிக்குத் துணையாகப் போய் உட்கார்ந்தவன் அப்படியே ஒட்டிக்கொண்டேன். கிழவரைச் சரிக்கட்ட நான் கொண்டுபோன புகையிலைப் பொட்டலங்களை அவர் வாங்கிப் புகைத்தார், மனதை மட்டும் மாற்றவில்லை. மூன்றாம் குளிரில் அவராகவே, "சரி, வெச்சுத் தொலைங்க" என்றார். அடுப்பு வந்த நாளிலிருந்து அதற்கு மிக அருகில் உட்கார்ந்து தூங்கியவரும் அவர்தான்.

ஊரில் எங்களுக்கு 'ஒப்பாதவங்க' என்று பெயர் வைத்தார்கள். சந்தையில் என்னைக் கண்டால், "என்ன சைலஸ், உன் பொண்டாட்டி உன்னை இன்னும் பேரு சொல்லி நீன்னுதான் கூப்பிடுறாளா?" என்பார்கள். ஆமாம், அப்படித்தான் கூப்பிட்டாள்.

ஜேபஸ் அறைக்குள்ளேயே இருக்கவில்லை. அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வீட்டுக்கு வாங்குவதை நிறுத்தினார். அந்த வீட்டுத் தேநீரை நான் முகம் கோணாமல் குடிக்கப் பல வருடம் ஆயிற்று. ஆலையில் குழந்தைகள் வேலை செய்யும் நேரத்தைக் குறைக்கச் சொல்லிக் கூட்டம் போட்டார். ரொட்டி மாவை விலையேற்றும் தானிய வரியை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். எங்களைப் போன்ற துணி நகரங்களுக்குப் பாராளுமன்றத்தில் ஆளே இல்லை என்று சொல்லி மலைச்சரிவில் ஆயிரக்கணக்கில் ஜனங்களைக் கூட்டினார். அதற்காக அவரை நீதிபதி முன் நிறுத்தினார்கள்.

"தொப்பியைக் கழற்று" என்றார் நீதிபதி.

"இது உனக்காகப் போட்டதில்ல. உனக்காக எப்படிக் கழற்றுவேன்?" என்றார் ஜேபஸ்.

சேவகன் வந்து தொப்பியைப் பிடுங்கினான். ஜேபஸ் அவனைப் பார்த்து, "நன்றிப்பா. கவனமா வெச்சுக்கோ, நல்ல கம்பளி. சாயம் போகாது" என்றார். கூடத்தில் இருந்த வியாபாரிகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க யார்க் கோட்டைச் சிறையில் இருந்தார். திரும்பி வந்த அன்று, கடையைத் திறந்து, பழைய விலைக்கே துணி விற்றார்.

பிறகு ஒரு வழியாகச் சட்டம் மாறியது. ஸ்கார்பெக்குக்கு ஓர் உறுப்பினர் உண்டு என்று லண்டனிலிருந்து செய்தி வந்ததும் தேவாலய மணி, ஆலைச் சங்கு, பீர்க்கடைத் தகரம் எல்லாம் அடித்தார்கள். அந்த டிசம்பரில் தேர்தல். எதிரில் நின்றவர் கேப்டன் ட்ரென்ச், பக்கத்து எஸ்டேட் பிரபுவின் இளைய மகன். நல்ல குதிரை ஏறுவார், அதோடு சரி. எங்கள் துணி வியாபாரிகள் கமிட்டி போட்டு, ஜேபஸ்தான் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மேலாளர் வேலை எனக்கு. என் வாழ்க்கையில் பேரம் பேசக் கிடைத்த மிகப் பெரிய சரக்கு அது.

சரக்கோ எதற்கும் இணங்காது. ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போக மாட்டேன் என்றார். யாருக்கும் பீர் வாங்கித் தரக் கூடாது என்றார். "நிற்கலாமா வேண்டாமான்னு முதல்ல சபையில கேட்கணும்" என்றார். சபையில் மறுப்பு வராது என்று நான் கமிட்டிக்கு உறுதி கொடுத்திருந்தேன். ஒபதியாவைத்தான் கொஞ்சம் சந்தேகப்பட்டேன். அவருக்கு முதல் நாளே புகையிலை போய்ச் சேர்ந்திருந்தது.

சபை கூடியது. ஜேபஸ் கேள்வியை வைத்தார். வெகு நேரம் மௌனம். ஒபதியா அடுப்பருகே குறட்டை விட்டார். முடிந்தது என்று நான் மூச்சு விட்டபோது, பெண்கள் பெஞ்சில் ஓர் உருவம் எழுந்தது. என் மனைவி.

"எனக்கு மனசு ஒப்பலை" என்றாள் தாமார்.

அன்று வீட்டில் நான் ஓட்ஸ் ரொட்டியைத் தொடவில்லை.

"ஏண்டி, எதிரிகிட்ட காசு வாங்கிட்டியா?"

"கேப்டன் ட்ரென்ச்சுக்கு என் விலை தெரியாது. சாப்பிடு, சைலஸ்."

"உன் அண்ணன் இதுக்காகச் சிறைக்குப் போயிருக்கார்."

"அதனாலதான் சொல்றேன். அந்தச் சட்டத்தை நீ படிச்சியா? ஓட்டு யாருக்குன்னு எழுதியிருக்கான். 'ஆண்'னு எழுதியிருக்கான். அதுக்கு முன்னால அந்த வார்த்தைகூட எங்கயும் இல்லையாம். இப்பப் புதுசா, மை தொட்டு, நிதானமா எழுதியிருக்கான். அதுக்குத்தான் நீங்க எல்லாம் மணி அடிச்சீங்க."

"எல்லாம் ஒரே நாள்ல நடக்குமா? இன்னைக்கு வாசல்ல கால் வெப்போம், நாளைக்கு உள்ள போவோம்."

"நம்ம மாடியில நான் ஒரு வார்த்தை சொன்னா அண்ணனையே நிறுத்த முடியும். அங்க போனா என் வார்த்தைக்கு நாற்காலிகூடக் கிடையாது. அப்போ என்னைக் கேட்டு என் சம்மதத்தை எதுக்கு வாங்கிட்டுப் போகணும்?"

நான் என் தொழிலை ஆரம்பித்தேன். "சரி. ஜெயிச்சுட்டு லண்டன்ல போய்ச் சொல்லட்டும்."

"மேடையில சொல்லட்டும்."

"ஜெயிச்ச அன்னைக்கு ராத்திரி விருந்துல சொல்லட்டும்."

"மேடையில."

"பொம்பளைங்கன்னு சொல்லாம, எல்லா மனுஷருக்கும்னு பொதுவா…"

"சைலஸ்" என்றாள். அவள் கண்ணில் பழைய வாசல் சிரிப்பு வந்தது. "நீ இப்போ எழுந்து வெளிய நடந்து பாரு. நான் கூப்பிடறேனா பாப்போம்."

மறுநாள் கமிட்டித் தலைவர் ஹோய்ல் மாடியேறி வந்தார். பெரிய கம்பளி மொத்த வியாபாரி, மூன்று தாடை. "ஜேபஸ் ஐயா, முப்பது பேர்ல ஒரே ஒரு பொம்பளை. அதுவும் உங்க சொந்தத் தங்கச்சி. தாண்டிப் போயிடுங்க. யாரு கேக்கப் போறா?"

ஜேபஸ் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "இதே பொம்பளையைத் தாண்டிப் போனாங்கன்னுதான், ஹோய்ல், நான் அந்த சபையை விட்டே வந்தேன்."

அடுத்த கூட்டத்தில் தாமார் தன் காரணத்தைச் சொன்னாள். கலைகிற நேரத்தில் ஜேபஸ் எழுந்து, "அவ சொல்றது நிஜம். சட்டத்துக்காக மலை மேல கத்தினப்போ என் கண்ணுல இது படலை. நின்னா மேடையில இதைச் சொல்லுவேன். சொல்லக் கூடாதுன்னா நிக்கலை" என்றார்.

"அப்போ எனக்குத் தடை இல்ல" என்றாள் தாமார்.

ஒபதியா விழித்துக்கொண்டு, "அடுப்பைப் பத்திப் பேசலையே?" என்றார். இல்லை என்றதும் அவரும் சம்மதித்தார்.

ஹோய்ல் என்னைச் சந்தையின் தூணோரம் இழுத்துப் போய்க் காதில் சொன்னார்: "இதைச் சொன்னா செத்தோம். ஊரே சிரிக்கும். ஏதாவது பண்ணு."

நான் பண்ணினேன். பேண்டு வாத்தியக்காரர்களைப் பிடித்தேன். மேடைக்குக் கீழே நில்லுங்கள், நான் தொப்பியைக் கழற்றித் தூக்கியதும் பெரிய முரசிலிருந்து ஊதுகுழல் வரை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முழக்குங்கள் என்று ஏற்பாடு. மச்சான் அந்தப் பேச்சை எடுப்பார், நான் தொப்பியைத் தூக்குவேன், சத்தத்தில் ஒன்றும் கேட்காது. சொன்னேன் என்ற திருப்தி அவருக்கு, சொன்னார் என்ற திருப்தி தாமாருக்கு, கேட்கவில்லை என்ற திருப்தி ஊருக்கு. பாதி வழியில் எல்லோரும் சந்திப்பார்கள். இதைவிட நேர்த்தியாக நான் எந்தப் பேரத்தையும் முடித்ததில்லை என்று நினைத்தேன்.

தேர்தல் மேடையைச் சந்தைத் திடலில் பலகையடித்துக் கட்டியிருந்தார்கள். ஆலங்கட்டியும் மழையும் கலந்து தூறியது. கேப்டனின் ஆட்கள் நீல நாடா கட்டி, விடியும் முன்பிருந்தே எல்லோருக்கும் பீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். திடல் கொள்ளாத கூட்டம். ஓட்டு உள்ளவன் இல்லாதவன், ஆலைப் பெண்கள், முடிச்சு எடுப்பவர்கள், மீன்காரிகள், விடுதி ஜன்னல்களில் தொங்கியவர்கள். வழக்கம் இதுதான்: வேட்பாளர்கள் பேசியதும் தேர்தல் அதிகாரி கூட்டத்தைக் கை தூக்கச் சொல்வார். யாருக்குக் கை அதிகமோ அவர் தேர்ந்தார் என்று அறிவிப்பார். தோற்றவர் ஒப்புக்கொண்டால் கதை முடிந்தது. ஒப்புக்கொள்ளாமல் முறைப்படி ஓட்டெடுப்புக் கேட்டால், மறுநாளிலிருந்து சட்டப்படி ஓட்டுள்ளவர்கள் ஒவ்வொருவராக வந்து யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

கேப்டன் ட்ரென்ச் முதலில் பேசினார். அரசர், தேவாலயம், நரி வேட்டை. நீல நாடாக்கள் ஆரவாரித்தன.

ஜேபஸ் முன்னே வந்தார். தொப்பியோடு நின்றார். பேசவில்லை.

பேச வார்த்தை வரும்வரை காத்திருப்பது அவர் வழக்கம் என்று எனக்குத் தெரியும், திடலுக்குத் தெரியுமா? "ஊமையா?" என்று ஒருவன் கத்தினான். ஒரு டர்னிப் கிழங்கு பறந்து வந்து மேடைப் பலகையில் மோதியது. விசில், ஊளை. அவர் அசையவில்லை. ஹோய்ல் தன் மூன்று தாடைகளையும் கைக்குட்டையால் துடைத்தார். ஊளையிட்டவர்கள் சலித்தார்கள். அப்புறம் என்ன ஆயிற்று என்றால், எங்கள் ஊர்க்காரர்கள் காதோடு காதாகப் பேசிப் பழகியவர்கள் இல்லையா, ஒருவன் மெதுவாகப் பேசப் போகிறான் என்று தோன்றினால் உடம்பு தானாக முன்னே சாயும். திடல் முன்னே சாய்ந்தது. ஆலங்கட்டி தொப்பிகளில் விழும் ஓசை கேட்டது.

"என் கடையில ஒரே விலைதான்னு உங்களுக்குத் தெரியும்" என்றார் ஜேபஸ். "இங்கயும் ஒண்ணுதான் சொல்லப் போறேன். ரொட்டி மேல இருக்கிற வரி போகணும். பிள்ளைங்க ஆலையில தூங்கி விழாம வீட்டுல தூங்கணும். இதெல்லாம் நான் முன்னாடியே சொன்னது. இன்னைக்கு இன்னொண்ணு சொல்லணும்."

என் விரல்கள் தொப்பி விளிம்புக்குப் போயின. பேண்டுத் தலைவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முரசுக்காரன் கோலை ஓங்கிவிட்டான்.

மேடைக்குப் பக்கத்தில் தாமார் நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பார்வை இருந்தது. சாம்பல் நிறத் துணியை நான் தடவியபோது, 'ஆமா' என்று சொன்னாரே, அதே பார்வை. இந்த மனிதர் ஒரு நாளும் எனக்குக் கூடுதல் விலை சொன்னதில்லை. இவர் சரக்கில் நான் தண்ணீர் கலக்கப் போகிறேன்.

கையைக் கீழே இறக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். தொப்பி தலையிலேயே இருந்தது. முரசுக்காரனுக்குக் கை கடுத்து, கோலைக் கீழே வைத்தான்.

"நீங்க போட்டிருக்கிற கம்பளியை நூத்தது யாரு? பொம்பளைங்க. முடிச்சு எடுத்தது யாரு? அவங்கதான். ரொட்டி விலை ஏறினா முதல்ல தன் தட்டைத் தள்ளி வெக்கிறது யாருன்னு உங்க வீட்டுல போய்ப் பாருங்க. என் சபையில ஒரு பொம்பளை சரின்னு சொன்ன பிறகுதான் நான் இந்தப் படியில ஏறினேன். புதுச் சட்டம் அவளைக் கதவுக்கு வெளிய நிறுத்துது. என்னை லண்டனுக்கு அனுப்பினா, அந்த 'ஆண்'ங்கிற வார்த்தையை எடுங்கடான்னு கேப்பேன். அனுப்பலைன்னா, இங்கயே இருந்து கேப்பேன்."

பிறகு நீலப் பக்கமிருந்து வெடித்தது சிரிப்பு. "பாவாடை கட்டிட்டு வா, ஜேபஸ்!" என்று ஒரு குரல்.

"தைச்சுக் கொடு, கட்டிக்கிறேன்" என்றார் ஜேபஸ். "துணி என் கடையில இருக்கு. விலை மட்டும் குறைக்க மாட்டேன்."

திடலே சிரித்தது, இந்தச் சிரிப்பு வேறு சிரிப்பு. ஒரு மீன்காரி, கத்தியவனின் தொப்பியைத் தட்டிச் சேற்றில் விட்டாள்.

தேர்தல் அதிகாரி எழுந்தார். வக்கீல், மூக்குப்பொடி வாசனை. "கேப்டன் ட்ரென்ச்சுக்கு ஆதரவானவங்க கை தூக்கலாம்." நீல நாடா கட்டிய கைகள், குறைச்சல் இல்லை. "ஜேபஸ் தோர்ன்பருக்கு?"

எங்கள் நெசவாளிகளின் கைகள் எழுந்தன. பிறகு அந்தக் கைகளுக்கு நடுவே, பின்னால், ஓரத்தில், விடுதி ஜன்னல்களில், சால்வைக்குள்ளிருந்து, கூடைக்கு மேலிருந்து, திடலின் மற்றப் பாதி எழுந்தது. கம்பளிக் கையுறைகள், கிழிந்த கையுறைகள், சாயத்தில் நீலம் பாய்ந்த விரல்கள். கை தூக்கச் சொன்னால் அந்தப் பெண்கள் வேடிக்கைதான் பார்ப்பார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். கேப்டனின் கைகளைவிட அவை எவ்வளவு அதிகம் என்று பார்க்க எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

கேப்டனின் ஆள் பாய்ந்து வந்தான். "ஆட்சேபம்! பொம்பளைங்க கை செல்லாது!"

அதிகாரி தடுமாறினார். அப்போதுதான் நான் இத்தனை வருடம் கற்ற தொழில் எனக்குக் கைகொடுத்தது. மேடையேறி, அவர் காதோரம் குனிந்து, ஆனால் திடலுக்கே கேட்கும்படி சொன்னேன்:

"ஐயா, சட்டத்துல 'ஆண்'னு எழுதியிருக்கிறது நாளைக்கு நடக்கிற ஓட்டெடுப்புக்கு. இன்னைக்குக் கை தூக்குறதுக்கு ஆண் கை வேணும், பெண் கை வேணாம்னு எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு? காட்டுங்க, வாயை மூடிக்கிறேன்."

அவர் பொடி டப்பாவைத் திறந்தார்.

"அதுவும் போகட்டும். எல்லாரும் கையுறை போட்டிருக்காங்க. உள்ள இருக்கிறது ஆம்பளை விரலா பொம்பளை விரலான்னு எனக்குத் தெரியலை. உங்க கண்ணு நல்ல கண்ணு. நீங்க இறங்கிப் போய் ஒவ்வொண்ணா கழட்டிப் பாருங்க, ஐயா. நாங்க காத்திருக்கோம். எங்க சபைக்காரங்களுக்குக் காத்திருந்து பழக்கம்."

மீன்காரிகள் நின்ற பக்கத்தை அவர் ஒரு முறை பார்த்தார். அங்கே இறங்கிப் போய்க் கையுறை கழற்றும் ஆசை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பொடியை இழுத்தார், தும்மினார், அறிவித்தார்.

"கை உயர்த்தியதில், ஜேபஸ் தோர்ன்பர் தேர்வானார்."

அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது. பேண்டுக்காரன் யாரும் சொல்லாமலே அடித்தான். ஹோய்ல் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். மச்சான் மேடையில் அதே இடத்தில் நின்றிருந்தார். எனக்குத் தெரிந்து பொது இடத்தில் முதலும் கடைசியுமாக அவர் தொப்பியைக் கழற்றினார். கும்பிடும்போது மட்டும்தான் கழற்றுவார் என்று சொன்னேன் இல்லையா?

கேப்டன் ட்ரென்ச் ஒப்புக்கொள்ளவில்லை. ஓட்டெடுப்புக் கேட்டார். சொத்துள்ள ஆண்கள் வந்தார்கள், வாய்விட்டுச் சொன்னார்கள். ஆலை முதலாளிகளின் கணக்குப்பிள்ளைகள் வாசலிலேயே நின்று யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் மத்தியானத்துக்குள்ளேயே கேப்டன் முந்திவிட்டார், ஜெயித்து லண்டனுக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. பேசினாரா என்பதே தெரியாது.

மற்ற ஊர் வியாபாரிகள் சந்தைக்கு வந்தால் தங்கள் உறுப்பினர்களைப் பற்றிப் பீற்றிக்கொள்வார்கள். "உங்க ஊருக்கு முதல் உறுப்பினர் யாருப்பா?" என்று கேட்பார்கள். எங்கள் துணி மண்டபத்தில் எந்தப் பலகைக்குப் பின்னால் நிற்கிறவனும், அன்று நீல நாடா கட்டியவன்கூட, ஒரே பதில்தான் சொல்வான்: "ஒரே விலை ஜேபஸ்." மறுநாள் மத்தியானம் வரைதான் என்று திருத்த வேண்டியது என் வேலை. நான் திருத்துவதில்லை. ஜேபஸ் மட்டும், காதில் விழுந்தால், "நான் போகவே இல்லையே" என்று கெடுத்துவிடுவார். பிறகு அவர் சொன்னபடியே, கடைசி மூச்சு வரை, அந்த வார்த்தையை எடுக்கச் சொல்லி இங்கேயே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. அந்த வாரச் சபையில் எல்லோரும் சந்தோஷமாக மௌனம் காத்துக்கொண்டிருந்தபோது ஒபதியா எழுந்தார்.

"திடல்ல நம்ம தாமார் கை தூக்கினா. என் கண்ணால பாத்தேன். கை தூக்கி எண்ணுறது நம்ம வழக்கத்துக்கு விரோதம். கண்டிக்காம விட எனக்கு மனசு ஒப்பலை."

"தூக்கினியா?" என்று ஜேபஸ் தங்கையைக் கேட்டார்.

"தூக்கினேன்" என்றாள் தாமார். "ரெண்டு கையையும்."

அவளைக் கண்டிக்க மற்றவர்களுக்கு மனசு ஒப்பவில்லை. கண்டிக்காமல் விட ஒபதியாவுக்கு ஒப்பவில்லை. யாரையும் தாண்டிப் போகக் கூடாது என்பது விதி. விஷயத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தோம். அதற்கு அடுத்த மாதத்துக்கும். ஒபதியா போய்ச் சேர்ந்தார், அந்த ஆட்சேபத்தை இப்போது அவர் மகள் ஏற்றுக்கொண்டிருக்கிறாள். ஜேபஸையும் புதைத்துவிட்டோம், கல்லில் பெயர் மட்டும் போட்டு. ஒவ்வொரு மாதமும் எங்கள் சபைச் செயலர் அந்தக் கேள்வியை வாசிப்பார், பெண்கள் பெஞ்சில் தாமார் வெள்ளைத் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்காருவாள், நாங்கள் எல்லோரும் மரியாதையாக மௌனம் காப்போம். முடிவு இன்னும் வரவில்லை.